கீழ் முகவரியும் ஒரு மழை விடுமுறையும்

நான் வேலை பார்த்த கல்லூரியின் கணினி மையத்துக்காரர்கள் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். ஓய்வு பெற்ற பிறகும் என்னை அதிலிருந்து நீக்கவில்லை. போன மாதம், புதிதாகச் சேர்ந்த ஒருவர் அதில் ஒரு படம் போட்டிருந்தார். புது சர்வர் நிறுவும்போது ஒவ்வொன்றாகப் பார்த்து டிக் அடிக்க வேண்டிய பட்டியலின் படம் அது. பதினோராவது வரியைச் சுற்றிச் சிவப்பு வட்டம். "கீழ் முகவரி எண் பூஜ்யம் அல்ல என்று உறுதி செய்யவும் – ஜெ." இப்போதெல்லாம் இது தானாகவே சரியாகத்தானே இருக்கிறது, பிறகு எதற்கு இந்த வரி, யார் இந்த ஜெ. என்று கேட்டிருந்தார்.

நான் பதில் எழுதுவதற்குள் செல்லத்துரை அண்ணனின் குரல்செய்தி வந்துவிட்டது. சிவில் துறையின் பரிசோதனைக் கூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர். அவரும் என்னைப்போல ஓய்வு பெற்றவர்தான். "அது பெரிய கதையாக்கும் மக்கா. அந்த ஒரு நம்பரால ஒரு நாள் காலேஜே லீவு ஆச்சு. மிச்சத்த ஜெசிட்ட கேளு."

குரல்செய்தியில் சொல்லி முடிகிற கதை இல்லை. அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் ஜெசிந்தா. குளச்சல் பக்கம் கடற்கரைக் குடும்பம். தட்டச்சில் ஹையர் பாஸ் செய்து கல்லூரி அலுவலகத்தில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். 2004-இல் கணினி மையத்துக்கு ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். டைப்பிஸ்ட் வேலையை விட்டுவிட்டு, வருடத்துக்கு ஒருமுறை நீட்டிப்பு தரும் தற்காலிகப் பதவிக்குப் போக அலுவலகத்தில் வேறு யாரும் தயாராக இல்லை. நான் போனேன். எனக்கு அப்போது நாற்பது வயது தாண்டியிருந்தது. முதல் ஆறு மாதம் புத்தகமும் கையுமாகத் திரிந்தேன். தெரியாததை எல்லாம் மாணவர்களிடம் வெட்கமில்லாமல் கேட்டேன். ஒரு வருடத்தில் மையத்தின் பெரிய லினக்ஸ் சர்வரைத் தனியாகப் பார்த்துக்கொள்ளும் அளவுக்கு வந்துவிட்டேன். அந்த ஒரே சர்வரில்தான் கல்லூரி முழுவதும் நுழைந்து வேலை செய்யும். மாணவர்களின் பயிற்சி, ஆசிரியர்களின் கோப்புகள், இன்டர்னல் மதிப்பெண்கள் எல்லாம் அதில்தான்.

மையத்தின் தலைவர் தாணுமாலயன் சார். சுசீந்திரம் பக்கத்துக்காரர். மெலிந்த உருவம், எப்போதும் வாயில் ஒரு கிராம்பு. அவர் சர்வர் அறையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நம் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பார். காலடிச் சத்தமே கேட்காது. கிராம்பு வாசம் வந்தால் சார் வந்துவிட்டார் என்று அர்த்தம்.

அவரிடம் இரண்டு சட்டங்கள் இருந்தன. ஒன்று, ரூட் என்ற முழு அதிகாரக் கணக்கில் இருக்கும்போது எந்தக் கட்டளையையும் என்டர் தட்டுவதற்கு முன் வாய்விட்டு வாசிக்க வேண்டும். இடைவெளி இருந்தால் 'இடைவெளி' என்று சொல்ல வேண்டும். புள்ளி இருந்தால் 'புள்ளி' என்று சொல்ல வேண்டும். "வாசிங்க ஜெசிந்தா" என்பார். அவ்வளவுதான். முதலில் எனக்கு அவமானமாக இருந்தது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைப் போல உரக்க வாசிக்கிறோமே என்று கூசினேன். ஒருநாள் தற்காலிகக் கோப்புகள் கிடந்த ஓர் அடைவை, அதாவது ஃபோல்டரை, அழிக்கக் கட்டளை அடித்துவிட்டு, "டெம்ப், சாய்கோடு, இடைவெளி, நட்சத்திரம்" என்று வாசித்துக்கொண்டே போனவள் அப்படியே நின்றேன். நட்சத்திரம் என்றால் 'இருப்பது எல்லாம்'; அதற்கு முன்னால் இடைவெளி இருக்கக் கூடாது. தட்டியிருந்தால் நான் நின்றிருந்த அடைவில் இருந்த மாணவர்களின் கோப்புகள் அத்தனையும் போயிருக்கும். திரும்பிப் பார்த்தேன். சார் புருவத்தைச் சொறிந்துகொண்டிருந்தார். கட்டளையை அடித்து முடித்த கணமே அவர் அதைக் கவனித்திருக்கிறார். நானே கேட்டுக் கண்டுபிடிக்கட்டும் என்று நின்றிருக்கிறார். அதன் பிறகு எனக்குக் கூச்சம் போய்விட்டது.

இரண்டாவது சட்டம், மாற்றப் பதிவேடு. நீளமான ஒரு நோட்டு. சர்வரில் எதை மாற்றினாலும் அதில் நான்கு கட்டங்களை நிரப்ப வேண்டும். என்ன மாற்றினோம், ஏன், பழையபடி வைப்பது எப்படி, மறுபடி எப்போது பார்ப்பது. நிரப்பிய பிறகு சார் வாசித்துக் கையெழுத்துப் போடுவார்.

2008 கோடை விடுமுறையில் சர்வருக்குப் புதிய கெர்னல் போட்டோம். கெர்னல் என்பது இயங்குதளத்தின் மையப்பகுதி. மற்ற எல்லா நிரல்களையும் கட்டுப்படுத்துவது அதுதான். விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த முதல் வாரத்திலேயே செல்லத்துரை அண்ணன் மூச்சிரைக்க வந்தார்.

"ஏட்டி ஜெசி, என்னத்தட்டி செய்து வச்ச? நம்ம புரோகிராம் தொறக்கவே மாட்டேங்குது."

"கெர்னல் மாத்தியிருக்கோம் அண்ணே."

"கெர்னலோ கர்னலோ, மயிலாடிக் கல்வேலைக்காரங்க ரெண்டு பேரு லேப்ல வந்து நிக்காங்க. தூணு செய்யதுக்குள்ள கல்லு. கல்லுக்க பலம் எவ்வளவுன்னு ரிப்போர்ட் குடுத்தாத்தான் லாரி ஏறுமாம். நான் அவங்ககிட்ட என்ன பறைய?"

அவர் சொன்ன புரோகிராம், விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்தின் காலத்தில் எழுதியது. கல்லையும் கான்கிரீட் கட்டியையும் எந்திரத்தில் நசுக்கி, அது உடையும்போது கிடைக்கும் அளவுகளைக் கொடுத்தால், பலத்தைக் கணக்கிட்டுச் சான்றிதழ் அச்சடித்துத் தரும். எழுதிய பேராசிரியர் எப்போதோ வெளிநாடு போய்விட்டார். மூல நிரல் யாரிடமும் இல்லை. அதனால் லினக்ஸ் சர்வருக்குள் டாஸைப் போல நடிக்கும் ஒரு நிரலை வைத்து, அதற்குள் இதை ஓட்டிக்கொண்டிருந்தோம்.

சிக்கல் எங்கே என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. கணினியில் ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் நினைவகத்தில் வரிசையாக எண்ணிட்ட இடங்கள் இருக்கும். அந்த எண்கள்தான் முகவரிகள். டாஸின் உலகம் முகவரி பூஜ்யத்திலிருந்து தொடங்குவது. அதனால் எங்கள் நடிப்பு நிரல் எழுந்ததும் முதல் வேலையாக "எனக்குப் பூஜ்யம் வேண்டும்" என்று கேட்கும். பழைய கெர்னல் கொடுத்துவிடும். புதிய கெர்னலில் ஒரு புது ஏற்பாடு இருந்தது. முதல் 65,536 முகவரிகளைச் சாதாரணப் பயனர் யாருக்கும் தராது. அந்த எல்லை எண்ணை நிர்வாகி மாற்றலாம். பூஜ்யம் என்று வைத்துவிட்டால் பழையபடி யாருக்கும் எல்லாம் கிடைக்கும். இணையத்தில் தேடினால் எங்கு பார்த்தாலும் அதே மருந்துதான். பூஜ்யம் வை, ஓடும்.

தாணு சார் அன்று ஊரில் இல்லை. மகளின் பிரசவத்துக்காகத் திருவனந்தபுரம் போயிருந்தார். செல்லத்துரை அண்ணன் என் நாற்காலியின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். பூஜ்யம் வைத்தேன். சர்வரை நிறுத்தித் தொடங்கினாலும் அப்படியே இருக்கும்படி நிரந்தர அமைப்புக் கோப்பிலும் எழுதினேன். வாய்விட்டு வாசிக்கவில்லை. சிவில் புரோகிராம் உடனே திறந்தது. அண்ணன் "நீ ராணியாக்கும்" என்று சொல்லிவிட்டு ஓடினார். மயிலாடிக் கல் லாரி ஏறியது.

பதிவேட்டில் எழுதினேன். என்ன மாற்றினோம்: கீழ் முகவரி எண் 65536-இலிருந்து 0. ஏன்: சிவில். மற்ற இரண்டு கட்டங்களைப் பிறகு நிரப்பலாம் என்று விட்டேன். அந்தப் பாதுகாப்பு எதற்காக வைத்திருக்கிறார்கள் என்று நான் அப்போது படித்துப் பார்க்கவில்லை. பத்து நாள் கழித்துச் சார் பேத்தி பிறந்த சந்தோஷத்தில் லட்டு டப்பாவோடு வந்தார். தேங்கிக் கிடந்த பக்கங்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டார்.

ஒரு வருடத்துக்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. 2009-இல் கெர்னலில், சாதாரணப் பயனரும் ரூட் ஆகிவிட வழிவிடும் ஒரே வகைப் பிழைகள் ஒன்றன் பின் ஒன்றாக வெளியே வந்தன. திருத்தங்களும் வந்தன. எங்கள் சர்வரில் திருத்தம் போட வேண்டும் என்று எனக்குத் தெரியும். போன தடவை கெர்னலை மாற்றி சிவிலோடு பட்டபாடு நினைவுக்கு வந்தது. பிள்ளைகளுக்குப் பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன்.

அது ஐப்பசி மழைக்காலம். ஒரு புதன்கிழமை காலை குடையை மடக்கிக்கொண்டு கல்லூரிக்குள் நுழைந்தால் வராந்தாவில் ஆளே இல்லை. கல்லூரிப் பேருந்துகள் பாதிக்குமேல் காலியாக வந்து நிற்கின்றன. முதல்வர் வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்டிப்பானவர், சிரித்து யாரும் பார்த்ததில்லை.

வந்திருந்த ஒரு மாணவி தன் செல்போனில் வந்த குறுஞ்செய்தியைக் காட்டினாள். "கனமழை காரணமாக நாளை கல்லூரிக்கு விடுமுறை – முதல்வர்." எங்கிருந்து வந்தது என்று விசாரித்தால், முந்தைய நாள் மதியம் சர்வருக்குள் நுழைந்தவர்களின் திரையில் முதல் வரியாக அது தெரிந்திருக்கிறது. பார்த்த நாலைந்து பேர் நண்பர்களுக்கு அனுப்ப, அவர்கள் அவர்களுடைய நண்பர்களுக்கு அனுப்ப, சாயங்காலத்துக்குள் கருங்கல் ஊரிலிருந்து ஆரல்வாய்மொழி வரை பரவிவிட்டது. செல்லத்துரை அண்ணனே அன்று வரவில்லை. தன் மகளுக்கு வந்த செய்தியை நம்பி, வீட்டில் உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்டிருக்கிறார்.

அந்த முதல் வரியை ரூட்டால் மட்டுமே எழுத முடியும். ரூட்டின் கடவுச்சொல் தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான். முதல்வர் எங்கள் இருவரையும் அழைத்தார்.

"என் பேர்ல லீவு விட்டிருக்கு. உங்க ரெண்டு பேரையும் விட்டா வேற யாரு விட முடியும்?"

"முடியாது சார்," என்றார் தாணு சார். "ஆனா நாங்க விடல்ல."

"வெள்ளிக்கிழமை எனக்குப் பதில் வேணும். நிர்வாகக் கமிட்டி கேக்குது." அவர் என்னைப் பார்த்துச் சொன்னார். என் நீட்டிப்பு அடுத்த மாதம் கமிட்டிக்குப் போக வேண்டியிருந்தது. இரண்டு பேரில் ஒருவர் நிரந்தரப் பேராசிரியர், இன்னொருத்தி தற்காலிகம். யார் மேல் விழும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

சர்வர் அறைக்கு வந்து தேட ஆரம்பித்தோம். அறிவிப்புக் கோப்பு செவ்வாய் மதியம் மூன்று மணி பன்னிரண்டு நிமிடத்தில் மாறியிருந்தது. ஒரு நிமிடத்தில் மறுபடி பழையபடி ஆகியிருந்தது. அந்நேரத்தில் ரூட்டாக யாரும் நுழையவில்லை. உள்ளே இருந்தவர்கள் இறுதியாண்டு ஆய்வகத்தின் நாற்பத்திரண்டு மாணவர்கள். அவர்களுடைய அடைவுகளில் அந்த மதியம் உருவான கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன். முப்பதாவதோ முப்பத்தொன்றாவதோ, சுதா என்ற மாணவியின் அடைவில் ஒரு சின்ன நிரல் இருந்தது. அவள் எழுதியதல்ல, இணையத்திலிருந்து எடுத்தது. பெயரை மட்டும் 'ப்ராக்டிகல் ஏழு' என்று மாற்றியிருந்தாள்.

பின்னால் கிராம்பு வாசம் வந்தது. "வாசிங்க ஜெசிந்தா."

வாசித்தேன். ஐந்தாறு வரி தாண்டியதும், நினைவகத்தில் இடம் கேட்கும் வரி. "முகவரி, பூஜ்யம். நீளம், நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு." அந்தப் பூஜ்யத்தின் மேல் விரலை வைத்து மறுபடி பார்த்தேன்.

சார் யோசித்தார். "பூஜ்யத்தக் கேக்குது. நம்ம கெர்னல் குடுக்காதே? புதுசுல அதுக்குத்தான பாதுகாப்பு இருக்கு? பின்ன எப்படி நடந்துச்சு?" மணி அடித்தது. அவருக்கு வகுப்பு இருந்தது. அதே கேள்வியோடு போனார்.

எனக்குப் பதில் தெரியும். அந்த அறையில் தனியாக உட்கார்ந்து, ஒரு வருடம் தாமதமாக, அந்தப் பாதுகாப்பு எதற்கு என்று முதல் வரியிலிருந்து படித்தேன். எண்ணை 65,536 என்று விட்டிருந்தால், நான் திருத்தம் போடாமல் தள்ளிப்போட்டிருந்தாலும்கூட, சுதாவின் நிரல் முதல் படியிலேயே விழுந்திருக்கும்.

மதியம் மஸ்கட்டிலிருந்து என் வீட்டுக்காரர் கூப்பிட்டார். அவர் அங்கே ஒரு கம்பெனியில் ஃபோர்மேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஆளக் கண்டுபிடிச்சாச்சுல்லா? பின்ன நீ எதுக்குப் போய்ப் பறயணும்? அந்த நம்பர இப்பவே மாத்திட்டு சும்மா இரி. யாருக்குத் தெரியப்போவுது?"

"நோட்டுல எழுதியிருக்கேன்."

"அந்த நோட்ட யாரு வாசிக்கா?"

அவர் சொன்னது உண்மைதான், யாரும் அதைத் திருப்பிப் பார்ப்பதில்லை. போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாற்றினால் சிவில் நிற்கும், அண்ணன் ஓடி வருவார், அப்போது இன்னொரு பொய் சொல்ல வேண்டும். அதைவிட, நாளைக்கு அந்தப் பிள்ளையை நிறுத்தி எல்லாரும் கேள்வி கேட்கும்போது நானும் கேட்பவர்கள் பக்கம் உட்கார்ந்திருப்பேன். அதை நினைத்தபோதுதான் எழுந்தேன்.

பதிவேட்டை எடுத்துக்கொண்டு சாரின் அறைக்குப் போனேன். பக்கத்தைத் திறந்து வைத்தேன். "நான்தான் சார் பூஜ்யம் வச்சது. நீங்க திருவனந்தபுரத்தில இருந்த அன்னைக்கு."

அவர் நிதானமாக வாசித்தார். காலியாக இருந்த இரண்டு கட்டங்களையும் விரலால் தொட்டார். கீழே இருந்த தன் கையெழுத்தையும் தொட்டார். வாயிலிருந்த கிராம்பை எடுத்துத் தாளில் மடித்துக் குப்பையில் போட்டார். அதை நான் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

"வாசிச்சுத்தான் கையெழுத்துப் போடணும்னு சட்டம் வச்சது நானாக்கும்," என்றார். "நானும் வாசிக்கல்ல பாத்தீங்களா."

திட்டுவார் என்று நினைத்துப் போன எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பார்க்காதது போல ஜன்னல் பக்கம் திரும்பி, "நாளைக்கு சிவிலுக்கு ஒரு வழி பாப்போம். அந்தப் பிள்ளையக் கூப்பிடுங்க," என்றார்.

சுதாவைத் தேட வேண்டியிருக்கவில்லை. அன்று இறுதியாண்டு வகுப்புக்கு வந்திருந்த ஒரே ஆள் அவள்தான். விடுமுறை இல்லை என்று உறுதியாகத் தெரிந்தவளும் அவள் ஒருத்திதானே. தக்கலைக்காரி, ஒல்லியான பெண். உள்ளே வந்ததும் நாங்கள் கேட்பதற்கு முன்பே சொன்னாள்.

"அக்கா, ஒரு நிமிஷம்தான் வச்சேன். ரூட் ஆயாச்சான்னு பாக்க வேண்டி. உடனே எடுத்துட்டேன். அதுக்குள்ள..."

"அதுக்கு எதுக்கு லீவுன்னு எழுதின?"

"மழை பெய்துட்டு இருந்து. வேற ஒண்ணும் தோணல்லக்கா."

தாணு சார் திரும்பி நின்று இருமினார். இருமல்தானா என்று எனக்கு இன்றும் சந்தேகம்.

வியாழக்கிழமை முழுவதும் சிவிலுக்கு வழி தேடினோம். வேறொரு நடிப்பு நிரல் கிடைத்தது. அது டாஸுக்கு வேண்டிய நினைவகம் மொத்தத்தையும் தனக்குக் கிடைத்த இடத்துக்குள்ளேயே பாவனையாக உண்டாக்கிக்கொள்ளும். உண்மையான பூஜ்யத்தைக் கேட்காது. ஆனால் எல்லாவற்றையும் தானே செய்வதால் மெதுவாக ஓடும். எண்ணை மறுபடி 65,536 ஆக்கினேன். ஒவ்வோர் இலக்கமாக வாசித்துவிட்டுத்தான் தட்டினேன். சிவில் புரோகிராம் ஆமையைப் போல எழுந்து வந்தது.

செல்லத்துரை அண்ணன் திரையைப் பார்த்து நின்றார். "ஏட்டி, முன்னே டக்குன்னு வருமே? இப்ப ஒரு ரிப்போர்ட் வரதுக்குள்ள நான் கேன்டீன் போய்ச் சாயா குடிச்சிட்டு வரலாம் போலிருக்கே."

"போயிட்டு வாங்க அண்ணே."

அவர் போனார். அன்றிலிருந்து ஓய்வு பெறும் வரைக்கும் ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் போனார்.

வெள்ளிக்கிழமை முதல்வர் அறையில் நாங்கள் இருவரும் சுதாவும் அவளுடைய அப்பாவும் நின்றோம். அவர் பேருந்து ஓட்டுநர். நாகர்கோவில் டிரிப்புக்கு நடுவில் காக்கிச் சட்டையோடு வந்திருந்தார். முதல்வர் மேசையில் சுதாவைக் கல்லூரியிலிருந்து நீக்கும் கடிதம் தட்டச்சாகித் தயாராக இருந்தது. அந்த எழுத்தைப் பார்த்ததுமே என் பழைய மெஷின் என்று கண்டுகொண்டேன்.

"சாரே, எம் பிள்ள எதையாவது உடைச்சிற்றாளா?" என்று கேட்டார் அப்பா.

"இல்ல," என்றார் தாணு சார்.

"களவெடுத்தாளா?"

"இல்ல."

"பின்ன என்னதான் செய்தா?"

தாணு சார் முதல்வரைப் பார்த்துச் சொன்னார். "சார், நம்ம அட்டெண்டர் கையில எல்லா அறைச் சாவியும் இருக்கு. அவருகிட்ட ஒரு சீட்டக் குடுத்து, 'இதில எழுதியிருக்க அறைக்குப் போய், அங்க சொல்லப்படியெல்லாம் செய்யும்'னு அனுப்புதோம். ஒருநா தப்பா வெறும் சீட்டக் குடுத்திடுதோம். அறை எண் இல்ல. அவரு அத பூஜ்யம்னு வாசிச்சு பூஜ்யம் நம்பர் அறையத் தேடிப் போறாரு. அப்படி ஒரு அறை இல்லன்னா திரும்பி வந்திடுவாரு, நஷ்டம் ஒண்ணுமில்ல. ஆனா யாராவது ஒரு பிள்ள முந்தியே பூஜ்யம்னு போர்டு மாட்டி ஒரு அறைய ஒருக்கி வச்சிருந்தா? உள்ள போயி, அங்க எழுதி வச்சிருக்கத எல்லாம் அவரு செய்வாரு, சாவிக்கொத்தோட. கெர்னல்தான் அட்டெண்டர். வெறும் சீட்டு, கெர்னல்ல உள்ள பிழை. அது உலகம் முழுக்க இருக்கு. ஆனா பூஜ்யம்னு போர்டு மாட்ட யாரையும் விடக் கூடாதுன்னு ஒரு சட்டம் இருக்கு. அத நம்ம சர்வர்ல எடுத்து விட்டது நாங்க."

பதிவேட்டைத் திறந்து முதல்வர் முன் வைத்தார். "எழுதினது ஜெசிந்தா. வாசிக்காம கையெழுத்துப் போட்டது நான். இந்தப் பிள்ள கையில ஒரு நிமிஷம் எல்லாச் சாவியும் இருந்து. மார்க் எல்லாம் அதே சர்வர்லதான் இருக்கு. தொடல்ல. மழைன்னு எழுதிட்டுத் திரும்பிட்டா."

முதல்வர் பதிவேட்டையும் கடிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "இப்ப அடைச்சாச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

தாணு சார் இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல, "சுதாவே காட்டுவா," என்றார்.

எல்லாரும் ஆய்வகத்துக்குப் போனோம். கெர்னலின் பிழையை நாங்கள் இன்னும் திருத்தியிருக்கவில்லை. சனிக்கிழமை செய்வதாக இருந்தோம். மாற்றியது அந்த ஓர் எண்ணை மட்டும்தான். சுதா உட்கார்ந்து 'ப்ராக்டிகல் ஏழு' என்று அடித்தாள். பின்னாலிருந்து, "வாசிம்மா," என்றார் சார். அவள் வாசித்துவிட்டுத் தட்டினாள்.

'அனுமதி இல்லை' என்று ஆங்கிலத்தில் ஒரே வரி வந்தது. மறுபடி தட்டினாள். மறுபடி அதே வரி. அந்த ஆங்கிலச் சொற்களை அதுவரை நான் ஆயிரம் தடவை எரிச்சலோடு பார்த்திருக்கிறேன். அன்றுதான் அவற்றைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். சுதாவின் அப்பா ஒன்றும் புரியாமல் எல்லார் முகத்தையும் பார்த்தார்.

முதல்வர் குனிந்து திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"அப்போ நாளைக்கு லீவு இல்ல, அப்படித்தான?" என்றார்.

அது சிரிப்புக்காகச் சொன்னது என்று எங்களுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. முதலில் சிரித்தது ஓட்டுநர்தான்.

கடிதம் கிழிக்கப்பட்டது. சுதாவுக்கு இரண்டு வாரம் ஆய்வகத்துக்குத் தடை. அந்த நிரலின் ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று சொந்த வார்த்தையில் எழுதித் தர வேண்டும் என்பதும் தண்டனை. எட்டுப் பக்கம் எழுதினாள். அதில் பாதி எனக்கே அன்றுவரை தெரியாது. எனக்கு ஒரு மெமோ. தாணு சார் தனக்கும் ஒன்று வேண்டும் என்று முதல்வரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டார். என் நீட்டிப்பு ஒருவழியாகக் கிடைத்தது. சனிக்கிழமை கெர்னலைத் திருத்திய பிறகு, சரிபார்ப்புப் பட்டியலில் பதினோராவது வரியை நான்தான் சேர்த்தேன். வாட்ஸ்அப் குழுவில் அந்தத் தம்பி கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். இன்னொன்றையும் சொல்லி முடித்துவிடுகிறேன்.

இரண்டு வருடம் கழித்து என் பதவியை நிரந்தரமாக்க நேர்முகத் தேர்வு வைத்தார்கள். முதல்வர், நிர்வாகத்தில் ஒருவர், வேறொரு கல்லூரியிலிருந்து வந்த கணினி நிபுணர் ஒருவர். நிபுணர் நாகர்கோவில்காரர்தான். அந்த உக்கிரமான வெயிலிலும் கோட்டு போட்டிருந்தார். என் கோப்பைப் புரட்டி, "மெமோ ஒண்ணு இருக்கே? என்ன காரியம்?" என்றார்.

போச்சு என்று நினைத்தேன். மறைக்க முடியாது, கோப்பிலேயே இருக்கிறது. கல் ரிப்போர்ட்டிலிருந்து ஆரம்பித்து மழை விடுமுறை வரைக்கும் சொன்னேன். பூஜ்யம் வைத்தது நான்தான் என்றும் சொன்னேன். முதல்வர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிபுணர் முதலில் நாற்காலியில் சாய்ந்து கேட்டார். பிறகு நிமிர்ந்தார். முடித்ததும் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அந்த நம்பர எங்க பாக்கணும்?"

ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தேன். "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டுச் செல்போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். ஜன்னல் திறந்திருந்தது. அவர் குரல் எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது.

"ஏலே மக்கா, நம்ம சர்வர்ல ஒரு நம்பர் பாரு. எழுத்தெழுத்தாச் சொல்லுதேன், அடி... என்னது? சைபரா? எந்தப் பயலே அத சைபராக்கினது?"

மறுமுனையிலிருந்து ஏதோ பதில் வந்தது.

"நானா?"

அவர் உள்ளே வந்து உட்கார்ந்தார். கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். யார் முகத்தையும் பார்க்காமல், என் தாளை இழுத்து மதிப்பெண் போட ஆரம்பித்தார்.